எட்டு நாள் லீவு

என் ஆச்சி இறந்து நாலு மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள்: வீட்டை விட்டு இறங்காத மனுஷி, குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனுஷி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டை விட்டு இறங்காதது என்ன பெரிய பெருமையா? அவள் இறங்க ஆசைப்பட்டாள். ஒரே ஒரு தடவை, எட்டே எட்டு நாள். சாகக் கிடந்த தங்கச்சியைப் பார்த்துவிட்டு வர. அதை நடக்கவிடாமல் செய்தவள் நான். அதை விட்டுவிட்டு ஆச்சியைப் பற்றி நான் வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

ஆச்சி என் அப்பாவைப் பெற்றவள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பை தாராவிக்கு வந்தாள். தோல் பட்டறையில் வேலை பார்த்த தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். நான் ஏழாவது படிக்கும்போது அம்மாவும் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா குர்லாவில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். நான் செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்கிறேன். கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அவ்வளவுதான் வீடு.

ஆச்சியின் வாய் எங்கள் சந்தில் பிரசித்தம். விடிகிற நேரத்தில் குழாயில் தண்ணீர் வரும்போது ஆரம்பிப்பாள். "ஏ சவத்த மூதி, எந்திரி. தண்ணி போயிட்டுன்னா உன் மூஞ்சிய எதுல கழுவுவ?" என்று என் போர்வையை உருவுவாள். டிரம் நிரம்பியதும் தேங்காய் துருவிக்கொண்டே அப்பாவைத் திட்டுவாள், பிறகு என் தலைமுடியை, பிறகு அரசாங்கத்தை. திட்டிக்கொண்டே எனக்கு எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிவிடுவாள். அம்மா இறந்த வருஷம் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று நான் தரையில் புரண்டபோது, "அழுதா உங்கம்மா வருவாளா? நான் பாக்காத அழுகையா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூட யூனிபார்மை, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிய செம்பால் தேய்த்து மடித்துவைப்பாள். ஒருநாள்கூட நான் கசங்கிய சட்டையோடு போனதில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தால் அடுத்த சந்து வரைக்கும் ஆள் எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு கிண்ணம் போகும், திட்டும் கூடவே போகும்.

ஆனால் எங்கள் வீட்டைப் பூட்டுகிற வழக்கமே கிடையாது. பகலில் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆகவேண்டும். அந்த ஒருவர் எப்போதும் ஆச்சிதான். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும் பஸ் பிடித்து கிங்ஸ் சர்க்கிள் போவாள். வாழை இலை, முருங்கைக்காய், நல்ல கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவாள். வந்தவுடன் பையை இறக்குவதற்கு முன்பு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். நானும் அப்பாவும் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

சிரித்திருக்கக் கூடாது. அப்பா கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அவர்களுக்கு தாராவியின் வேறொரு பக்கத்தில் ஒரு குடிசை இருந்ததாம். ஆச்சியின் அம்மா ஊரில் இறந்துபோக, தாத்தாவும் ஆச்சியும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனார்கள். பதினாறு முடித்துத் திரும்பி வந்தால் கதவில் வேறு பூட்டு. உள்ளே வேறு யாரோ குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் கணக்கெடுப்புக்காரர்கள் வந்து கதவுக்குக் கதவு நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் நம்பர், நம்பர் இருந்தவர்களுக்குத்தான் வீடு. பேசிப் பார்த்தார்கள், ஊர்க்காரர்களைக் கூட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. சாக்கடை ஓரமாக மறுபடி தகரம் கட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். "எங்கம்மா சாவுக்குப் போனேன், வீடு போச்சு" என்பாள் ஆச்சி. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் ஏறாது.

அதற்குப் பிறகு அவள் ஊருக்கே போகவில்லை. கோயில் கொடைக்கு அப்பாவும் நானும் போவோம். ஆச்சி எங்களுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்து, தங்கச்சிக்கு ஒரு நைலக்ஸ் சேலையும் கொடுத்தனுப்புவாள். அந்தத் தங்கச்சியை நான் சின்னாச்சி என்று கூப்பிடுவேன். ஆச்சிக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அம்மா இறந்தபோது சின்னாச்சி மும்பை வந்து ஒரு மாதம் இருந்தாள். அக்காவும் தங்கச்சியும் மேல்தளத்தில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பேசிப் பேசிச் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆச்சி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

போன வருஷம் மறுபடி சர்வே என்றார்கள். தாராவி முழுக்கப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், வீட்டுக்கு வீடு ஆள் வந்து அளப்பார்கள், காகிதம் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள் என்று பேச்சு. சந்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆச்சி யாரையும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: "பூட்டுன வீடு அடுத்தவன் வீடு." ரேஷன் கார்டு, லைட் பில், குடிசைக்கு அரசாங்கம் கொடுத்த பழைய போட்டோ பாஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தாள். அதை எடுத்துத் துடைத்து வரிசையாக அடுக்கினாள். திங்கட்கிழமை எங்கள் சந்துக்கு வருவார்கள் என்றார்கள். அந்தத் திங்கட்கிழமை நல்ல சேலை உடுத்தி வாசலில் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை என்றார்கள்.

அந்த வாரத்தில்தான் ஊரிலிருந்து போன் வந்தது. பேசியது சின்னாச்சியின் மகள். எனக்கு அத்தை முறை.

"பெரியம்மா, அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துட்டு. பேச்சு கொழறுது. அக்கா, அக்காங்கா. அத மட்டும் தெளிவாச் சொல்லுதா. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ஆச்சி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். திட்டவில்லை. அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது.

"ஏளா, உனக்கு லீவு கெடக்கா?"

"எதுக்கு?"

"எட்டு நாளு. போக ரெண்டு, வர ரெண்டு, அங்கன ஒரு நாலு. சந்துக் கடைசி வீட்டுக்காரவ வியாழக்கிழமை ஊருக்குப் போறாவ, அவுக கூடவே ஏறிக்கிடுவேன். நீ பகல்ல வீட்டுல இருந்தாப் போதும். சோறுகூட நான் பொங்கி வச்சிட்டுப் போறேன்."

எட்டு நாளைக்கான சோற்றை எப்படிப் பொங்கி வைப்பாள்! பதற்றத்தில் என்ன சொல்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவள் அதுவரை என்னை வேலை ஏவியிருக்கிறாள், அதட்டியிருக்கிறாள், கேட்டதில்லை. அன்றுதான் கேட்டாள்.

எனக்கு லீவு இருந்தது. ஒன்பது நாள். கிளினிக்கில் கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு கோவா போவதற்காகச் சேர்த்துவைத்திருந்தேன். டிக்கெட்கூடப் போட்டாயிற்று.

"அப்பா இருக்கக் கூடாதா?" என்றேன்.

"கொடை லீவுக்கு மேல இன்னும் எட்டு நாளு போகலேன்னா பட்டறைக்காரன் அவன் எடத்துல வேற ஆளப் போட்டுருவான்."

"எதிர்வீட்டு அக்காகிட்ட சாவியக் குடுத்துட்டுப் போயேன்."

"சாவி வேற, ஆளு வேற. உனக்கு வெளங்காது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, ரொம்ப அக்கறையாகச் சொன்னேன்: "சர்வே முடியட்டும் ஆச்சி. அடுத்த திங்கட்கிழமை வந்துருவாங்க. அப்புறம் நானே உன்னக் கூட்டிட்டுப் போறேன். சின்னாச்சிக்கு ஒண்ணும் ஆகாது."

எவ்வளவு நல்ல பேத்தி, பாருங்கள். வாயில் சர்க்கரை, வயிற்றில் கோவா.

ஆச்சி குழம்புச் சட்டியை மூடிவைத்தாள். "சரிளா. நீ சொன்னாச் சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த திங்கட்கிழமையும் அவர்கள் வரவில்லை. ஞாயிறுதோறும் நான் போனைப் பிடித்துக்கொள்ள, ஆச்சி வீடியோவில் தங்கச்சியைப் பார்த்தாள். சின்னாச்சிக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆச்சி ஒரு தடவை மேலே இருந்து இறங்கி வந்தபடியே, "ஏட்டி, நான் வாரேன், நீ அதுக்குள்ள எந்திரிச்சு நில்லு, கோட்டிக்காரி மாதிரி படுத்தே கெடக்காத" என்று அதட்டினாள். சின்னாச்சி சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். சரியாகத் தெரியவில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை போய், புதன்கிழமை காலையில் சின்னாச்சி இறந்துவிட்டாள்.

ஆச்சி போனை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஈரச் சேலையை மாற்றி மேலே ஏறிப் போனவள் மத்தியானம் வரை இறங்கவில்லை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அன்று லீவு போட்டேன். ஒரு போன்தான், இரண்டே நிமிஷம், டாக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. அவ்வளவு சுலபமான வேலை அது. வாசலில் உட்கார்ந்து அதை நினைத்து நினைத்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். கோவா டிக்கெட்டை அன்றே கேன்சல் செய்தேன். மிச்சம் இருந்த லீவு மார்ச் மாதத்தில் தானாகக் காலாவதியாகிப் போனது.

சர்வேக்காரர்கள் அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். ஆச்சி இளைத்துப் போயிருந்ததால் அன்று நானும் வீட்டில் இருந்தேன். டேப்லெட்டோடு ஒரு பெண், அளக்கிற கருவியோடு ஒரு பையன். அந்தப் பெண் மரியாதையான பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், ஆச்சி கொடுத்த டீயைக் குடித்தாள். காகிதங்களைப் படம் எடுத்தாள். ஆச்சியை வாசலில் நிற்கவைத்து ஒரு போட்டோ. இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

பக்கத்து வீடு பூட்டியிருந்தது. அவர்கள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார்கள். அந்தப் பெண் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கதவில் ஒட்டினாள்.

"இவங்க வீடு அவ்வளவுதானா?" என்று இந்தியில் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "டென்ஷன் மத் லோ", கவலைப்படாதே என்றாள். வீடு பூட்டியிருந்தால் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்களாம். திரும்ப வருவார்களாம். அப்போதும் ஆள் இல்லையென்றால் இன்னொரு தடவை வருவார்களாம். ஊரிலிருந்து வந்ததும் இந்த நம்பருக்கு போன் செய்தால் போதுமாம். இதெல்லாம் சந்து முனையில் எழுதி ஒட்டியிருக்கிறோமே, நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டாள்.

ஒட்டித்தான் இருந்தது. பிறகு போய்ப் பார்த்தேன். மராத்தியிலும் இந்தியிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு இரண்டும் நன்றாகப் படிக்க வரும். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஒரு மாதமாக அதைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது எனக்காகவே சொன்னதுதான். பட்டறைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த அப்பாவும் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை.

சர்வேக்காரர்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும் ஆச்சி வாசலுக்கு வந்தாள்.

"என்னளா சொல்லுதா அந்தப் பிள்ளை? அது என்னத்த ஒட்டுதா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லாததற்காக உன்னை உட்காரவைத்துவிட்டேன் ஆச்சி என்று எந்த வாயால் சொல்வது?

"பூட்டியிருந்துச்சுல்ல ஆச்சி? அவங்க பேரு லிஸ்ட்ல வராதாம். வீடு கிடையாதாம்."

ஆச்சி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைத் தட்டி, "நான் சொன்னேம்லா? பூட்டுன வீடு அடுத்தவன் வீடு. சொன்னாக் கேக்கியளா யாராவது? நல்ல வேளை, நம்ம இருந்தோம்" என்றாள். பழைய குரல். அன்று மத்தியானம் எனக்கு எதிரே உட்கார்ந்து இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். தங்கச்சி இறந்ததிலிருந்து அவள் அப்படிச் சாப்பிடவில்லை. எனக்கு உயிர் வந்தது. பொய்தான், ஆனால் அவளுக்கு ஆறுதலாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பி வந்த அன்று சந்து முனையிலேயே அவர்களை மடக்கி, ஆச்சியிடம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்கள் வீட்டுக்கு மறுபடி ஆள் வந்து அளந்துவிட்டுப் போனபோது ஆச்சி மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நம்பினேன்.

மழை முடிகிற சமயத்தில் ஒருநாள் காலை, தண்ணீர் பிடித்து முடித்ததும் ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிரம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு டாக்ஸிக்கு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு பேசியவள் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாள். அவள் இல்லாத காலையில் எங்கள் சந்து எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைக் கேட்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் எதிர்வீட்டு அக்கா காய் நறுக்கிக் கொடுக்க வந்தாள். ஆச்சிக்கு இருபது வருஷப் பழக்கம். கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே நான் சர்வே கதையைச் சொன்னேன். யாரிடமாவது சொன்னால் பாரம் குறையும் என்று பட்டது. நான் சொன்ன பொய்யை ஆச்சி கடைசி வரை நம்பினாள், அந்த ஒரு நிம்மதிதான் மிச்சம் என்றேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எவ சொன்னா நம்புனான்னு? அன்னைக்குச் சாயங்காலமே எங்கிட்ட வந்து உக்காந்துட்டா உங்க ஆச்சி. 'அந்தப் பொண்ணு சொன்னது அம்புட்டும் எனக்கு வெளங்கிட்டு. நாப்பது வருசமா மீன்காரிகிட்ட இந்தியிலதான சண்ட போடுதேன்? பூட்டியிருந்தாத் திரும்ப வருவாவளாம். நான் போயிருக்கலாம். இவ என்கிட்ட மாத்திச் சொல்லுதா, வாயி நடுங்குது பிள்ளைக்கு. நம்புன மாதிரியே இருந்துட்டேன். கூட ரெண்டு வாய் சோறு தின்னேன், தொண்டையில எறங்கல. நீ அவகிட்ட ஒண்ணும் கேட்டுராத, ஒடஞ்சு போவா'ன்னா. சொல்லிட்டு என் மடியில படுத்து அழுதா. அதுக்கு முன்ன அவ அழுது நான் பாத்ததே இல்ல."

நான் அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஏறிப் போனேன். எவ்வளவு நேரம் அங்கே கிடந்தேன் என்று தெரியாது. திட்டியிருக்கலாமே ஆச்சி. பால் கொஞ்சம் பொங்கினால்கூட ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டுவாயே. இதற்குத் திட்டாமல் எதற்கு வைத்திருந்தாய் அந்த வாயை?

மறுநாள் காலை ஊர் அத்தையிடமிருந்து போன் வந்தது. பதினாறாம் நாளுக்கு வர முடியாது என்று வருத்தப்பட்டாள், பெரியம்மாவைப் பற்றிப் பேசி அழுதாள். அழுது முடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒண்ணு கேட்டா மனசுல வச்சுக்கிடாத தாயி. பெரியம்மா அன்னைக்கு ஏன் வரல? முட்டுவலி, ரயில் ஏற முடியலன்னு எங்ககிட்டச் சொன்னா. ஆனா வீடியோவுல அந்த ஏணியில கடகடன்னு எறங்குனத அம்மா பாத்துட்டா. முட்டுவலியும் இல்ல ஒண்ணும் இல்ல, அக்கா என்னைய மறந்துட்டான்னு கொழறிக் கொழறிச் சொன்னா. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னா."

முட்டுவலி என்று ஆச்சி சொன்னது எனக்கு அதுவரை தெரியாது.

"முட்டுவலி இல்ல அத்த," என்றேன். "ஆச்சி வரணும்னுதான் நின்னா. எட்டு நாள் வீட்டுல இருன்னு என்கிட்டக் கேட்டா. என்கிட்ட லீவு இருந்துச்சு. நான்தான் போடல."



அத்தை கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"இத எங்கம்மா உசுரோட இருக்கையில ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா தாயி?"